404-க்கு எங்கள் பிழைப் பக்கம் வரவில்லை, 200-க்குள் 500 வருகிறது: அப்பாச்சி மாட்யூலில் எங்கே பிசகு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சி மொழியில் நீங்களே எழுதிய, அப்பாச்சி 2.4 வெப் சர்வருக்கான ஒரு மாட்யூல் (கூடுதல் பகுதி) இருக்கிறது. அது வரும் கோரிக்கையைப் பின்னால் ஓடும் ஒரு சர்வீஸுக்கு (பேக்கெண்ட்) அனுப்பி, அதன் பதிலை வாங்கி பிரவுசருக்குத் தருகிறது. குறைகள் மூன்று. பின்னால் இருப்பது 404 (கேட்டது இல்லை) சொன்னால், எரர்டாக்குமென்ட் என்ற அமைப்பில் நீங்கள் கொடுத்திருக்கும் பிழைப் பக்கம் வருவதில்லை. அப்பாச்சியின் மொட்டைப் பக்கம்தான் வருகிறது, அதன் அடியில் பிழைப் பக்கத்தைக் கொடுக்க முயன்றபோது இன்னொரு 404 நேர்ந்ததாக ஒரு வரி வேறு. பெரிய பதில்களில் சில சமயம் நிலைக் குறியீடு 200 (வெற்றி) என்று வந்து, பாதிப் பக்கத்துக்குப் பிறகு 500 (சர்வரின் உள் பிழை) பிழைச் செய்தி ஒட்டிக்கொண்டு வருகிறது. காரணமே தெரியாத 500-களும் அவ்வப்போது லாகில் விழுகின்றன. கடைசியில் ‘குறியீட்டை ஆர்->ஸ்டேட்டஸில் வைப்பதா, ஹேண்ட்லரிலிருந்து ரிட்டர்ன் செய்வதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். (ஆர் என்பது கோரிக்கையின் விவரங்களை வைத்திருக்கும் கட்டமைப்பு, ஹேண்ட்லர் என்பது கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் ஃபங்ஷன்.) உண்மையான கேள்வி இந்தக் கடைசி வரிதான். மற்ற மூன்றும் அதற்கு விடை தெரியாததால் வரும் விளைவுகள் என்றே நினைக்கிறேன்.

முதல் குறை பற்றி எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. அந்தக் கூடுதல் வரி வந்தாலே, உங்கள் ஹேண்ட்லர் ஆர்->ஸ்டேட்டஸில் 404 என்று எழுதிவிட்டு, 404-ஐ ரிட்டர்னும் செய்கிறது என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம். (பிழைப் பக்கத்தின் பாதையே தவறாக இருந்தாலும் இதே வரி வரும். அந்தப் பக்கத்தை நேரடியாகத் திறந்து பார்த்தால் அது தெளிவாகிவிடும்.) பலரும் இதைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள், இரண்டு இடத்தில் சொன்னால் தவறாது என்று. அப்பாச்சி அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஹேண்ட்லர் பிழைக் குறியீடு ஒன்றைத் திருப்பினால் அது ஏபி_டை என்ற ஃபங்ஷனுக்குப் போகும். அந்த ஃபங்ஷன் முதலில் பார்ப்பது, இந்தக் கோரிக்கையின் ஸ்டேட்டஸ் இன்னும் 200-ஆகவே இருக்கிறதா என்பதைத்தான். 200-ஆக இருந்தால் இது முதல் பிழை, எரர்டாக்குமென்டைத் தேடலாம். 200 இல்லை என்றால், ஏற்கெனவே ஒரு பிழையைக் கையாண்டுகொண்டிருக்கும்போது இரண்டாவது பிழை வந்திருக்கிறது என்று அர்த்தம். பிழைப் பக்கமே பிழையாகி, அதற்கொரு பிழைப் பக்கம் தேடி முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. நீங்கள் முன்கூட்டியே 404 எழுதி வைத்ததால் அந்தத் தடுப்பு வீணாக விழுகிறது. உங்கள் பக்கத்தைத் தேடிப் பார்க்கக்கூட மாட்டாது.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. பேக்கெண்டுக்குக் கோரிக்கைகளை அனுப்ப அப்பாச்சியோடு வரும் மாட்_பிராக்ஸியின் எச்டிடிபி பகுதியைத் திறந்து பாருங்கள். பேக்கெண்டின் பிழையை அப்பாச்சியின் பக்கத்தால் மாற்றும் இடத்தில், ரிட்டர்னுக்கு முன்பு ஆர்->ஸ்டேட்டஸை மறுபடி 200-க்குத் திருப்பிவைக்கும் வரி ஒன்று இருக்கும். அப்படிச் செய்யாவிட்டால் எரர்டாக்குமென்ட் இதைச் சுழல் பிழையாக எண்ணிக்கொள்ளும், தனிப் பக்கத்தைக் கண்டுபிடிக்காது என்று அதற்கு மேலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அப்பாச்சியை எழுதியவர்களே தங்கள் மாட்யூலில் அதைக் குறித்து வைக்க வேண்டியிருந்திருக்கிறது.

ஆகவே, ஒரு பிழைக்கு இரண்டு வழிகள்தான் உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. பேக்கெண்ட் அனுப்பிய பிழையின் உடலையே (ஹெடர்களுக்குப் பின் வரும் உள்ளடக்கத்தையே) பயனருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஆர்->ஸ்டேட்டஸில் 404 எழுதி, உடலை அனுப்பி, ஓகே என்று ரிட்டர்ன் செய்யுங்கள். ஓகே என்றால் ‘நான் பதில் சொல்லி முடித்துவிட்டேன்’ என்பது மட்டும்தான் பொருள், ‘200’ என்று பொருள் இல்லை. சிஜிஐ ஸ்கிரிப்ட் தன் ஸ்டேட்டஸ் ஹெடரில் 404 சொல்லும்போது நடப்பதும் இதுவே. மாறாக, அப்பாச்சியின் பிழைப் பக்கமோ எரர்டாக்குமென்டோ வர வேண்டுமென்றால், ஆர்->ஸ்டேட்டஸைத் தொடாதீர்கள், உடலில் ஒரு பைட்கூட எழுதாதீர்கள், 404-ஐ ரிட்டர்ன் மட்டும் செய்யுங்கள்.

எந்த வழி நல்லது என்பது உங்கள் பேக்கெண்டைப் பொறுத்தது. அது மனிதர்கள் பார்க்கும் பக்கங்களைத் தருகிறது என்றால் இரண்டாவது வழி நன்றாக இருக்கும். அதுவே ஏபிஐ என்றால், 404-இன் உடலில் ஜேசான் (நிரல்கள் படிக்கும் தரவு வடிவம்) இருக்கும். அதைப் படித்துத்தான் கிளையன்ட் நிரல் அடுத்த வேலையை முடிவுசெய்யும். அங்கே எச்டிஎம்எல் பக்கத்தைத் திணித்தால் பார்ஸ் செய்யும் இடத்தில் உடைந்துவிடும். என்னைக் கேட்டால், பேக்கெண்டின் உடலை அப்படியே விடுவதை இயல்பாக வைத்து, மாற்றுவதற்கு ஒரு டைரக்டிவ் (அமைப்புக் கட்டளை) கொடுப்பேன். மாட்_பிராக்ஸியில் இதே வேலையைச் செய்யும் பிராக்ஸிஎரர்ஓவர்ரைடும் இயல்பில் அணைந்தே இருக்கிறது. வேண்டுபவர்கள் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த வழியோடு சேர்ந்து வரும் ஒரு சிறு விஷயம், ஹெடர்கள். ஆர்-இல் இரண்டு ஹெடர் அட்டவணைகள் உண்டு, ஹெடர்ஸ்_அவுட், எர்_ஹெடர்ஸ்_அவுட். பிழைக் குறியீட்டை ரிட்டர்ன் செய்தால் முதல் அட்டவணையில் போட்டதெல்லாம் போய்விடும், லொக்கேஷன் மட்டும் விதிவிலக்கு. இரண்டாவதில் போட்டது பிழைப் பதிலிலும், உள்ளுக்குள் நடக்கும் ரீடைரக்டிலும் தங்கும். 503-உடன் (சேவை இப்போது இல்லை), எப்போது மறுபடி முயலலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரை அனுப்ப நினைத்து அது வரவில்லை என்றாலோ, 401-இல் (உள்நுழைவு தேவை) குக்கி காணாமல் போனாலோ, முதல் அட்டவணையில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இரண்டாவது குறை, 200-க்குள் 500 வருவது. இதில் என்ன நடக்கிறது என்பது உறுதி. ஏன் நடக்கிறது என்பதுதான் உங்கள் கோடைப் பார்க்காமல் ஊகம். நிலைக் குறியீடு பதிலின் முதல் வரியில் போகிறது. அப்பாச்சியில் முதல் பிரிகேட் (பக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகளின் கட்டு), ஹெடர்களை எழுதும் ஹெடர் ஃபில்டரைத் தொடும் நொடியில் அந்த வரி எழுதப்பட்டுவிடும். அதன் பிறகு நீங்கள் ஆர்->ஸ்டேட்டஸில் என்ன எழுதினாலும் லாகில் வேண்டுமானால் மாறும், கம்பியில் போனது போனதுதான். அந்த நிலையில் ஹேண்ட்லர் 500-ஐ ரிட்டர்ன் செய்தால், அப்பாச்சி தயாரிக்கும் பிழைச் செய்தி, முன்பே போய்க்கொண்டிருந்த உடலின் வாலில் ஒட்டிக்கொள்ளும். சிறிய பதில்களில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் பஃபர். ஏபி_ஆர்புட்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாக எழுதுவது சுமார் 8,000 பைட் சேரும்வரை உள்ளேயே நிற்கும். அதற்குள் பிழை வந்துவிட்டால் ஹெடர் இன்னும் போகாததால் குறியீடு சரியாக வந்துவிடக்கூடும். உங்கள் டெஸ்ட்கள் எல்லாம் நாலு வரிப் பதிலை வைத்து எழுதப்பட்டிருந்தால் ஒன்றுகூட இதைப் பிடித்திருக்காது.

பேக்கெண்ட் நடுவழியில் அறுந்துவிட்டால் என்ன செய்வது? குறியீட்டை மாற்ற முடியாது என்றான பிறகு செய்யக்கூடிய ஒரே நேர்மையான காரியம், பதில் முழுமையாக வரவில்லை என்று கிளையன்டுக்குத் தெரியும்படி செய்வது. பலர் இங்கே ஒரு லாக் வரியைப் போட்டுவிட்டு ஓகே என்று திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், துண்டு துண்டாக அனுப்பப்படும் சங்க்டு பதிலின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய நீளத் துண்டை அப்பாச்சி ஒழுங்காக அனுப்பிவைக்கும். கிளையன்ட் பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பிச் சேமித்துக்கொள்ளும், நடுவில் கேஷ் இருந்தால் அதுவும் சேமிக்கும். 500 வருவதைவிட இது மோசம் என்பது என் கருத்து. சரியான வழி மாட்_பிராக்ஸி காட்டுவதுதான். பிரிகேடில் 502 என்ற குறியீட்டோடு ஒரு எரர் பக்கெட்டை வைத்து, அதற்குப் பின் முடிவைக் குறிக்கும் ஈஓஎஸ் பக்கெட்டை வைத்து, கீழே அனுப்புங்கள். சங்க் ஃபில்டர் இந்த 502 பக்கெட்டைப் பார்த்தால் நினைவில் வைத்துக்கொண்டு, கடைசிப் பூஜ்யத் துண்டை அனுப்பாமல் விட்டுவிடும். இணைப்பும் மூடப்படும். கிளையன்ட் ‘பதில் அறுந்தது’ என்று பிழை காட்டும். கன்டென்ட்-லென்த் சொல்லியிருந்தால் சொன்ன நீளம் வராததை வைத்தே அதற்குப் புரியும். இதே பக்கெட் ஹெடர் போவதற்கு முன்பே ஹெடர் ஃபில்டரை எட்டினால், அப்பாச்சி அதை எடுத்து ஒழுங்கான 502 பதிலாக மாற்றிவிடும். அதனால் ‘ஹெடர் போய்விட்டதா, இல்லையா’ என்று நீங்களே கணக்கு வைக்கத் தேவையில்லாமல் ஒரே கோடு இரண்டு நிலைக்கும் போதும்.

மூன்றாவது குறையான விளக்கமில்லாத 500-களுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது, பிரிகேடைக் கீழே அனுப்பும் ஏபி_பாஸ்_பிரிகேட் ஃபங்ஷன் திருப்பும் எண்ணை. அது அப்பாச்சி பயன்படுத்தும் ஏபிஆர் லைப்ரரியின் நிலை எண், எச்டிடிபி குறியீடு அல்ல. இரண்டுமே வெறும் இன்ட் என்பதால் கம்பைலர் முணுமுணுக்காது. ஹேண்ட்லரின் கடைசி வரி ‘ரிட்டர்ன் ஏபி_பாஸ்_பிரிகேட்’ என்று அடைப்புக்குறிக்குள் பிரிகேடோடு முடிந்தால், எல்லாம் நன்றாக நடக்கும் நாட்களில் பூஜ்யம் வரும். பூஜ்யம்தான் ஓகே, எனவே வேலை செய்வது போலவே இருக்கும். பயனர் பாதியில் பிரவுசரை மூடினால்தான் கதை மாறும். லினக்ஸில் உடைந்த பைப் என்றால் 32. அது எச்டிடிபி எல்லைக்குள் இல்லாததால் அப்பாச்சி ‘செல்லாத நிலை எண்’ என்று லாகில் எழுதிவிட்டு 500 ஆக்கும். டைம்அவுட் ஆனால் ஏபிஆர் 70007 தரும். அதற்கும் இதே கதி. உங்கள் லாகில் இந்த எண்கள் கண்ணில் பட்டால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். அதைவிடக் குறும்பானது 104. எதிர்முனை இணைப்பை ரீசெட் செய்தால் லினக்ஸ் தரும் எண் அது. அப்பாச்சி செல்லுபடியான எண் என்று ஏற்பது 100 முதல் 599 வரை. ஆக 104 அந்தச் சல்லடையில் நிற்காது. எச்சரிக்கை ஏதுமில்லாமல் நிலைக் குறியீடாகவே உள்ளே போய்விடும். ஆக்சஸ் லாகில் 104 அல்லது 110 என்று ஸ்டேட்டஸ் பார்த்துத் தலையைச் சொறிந்திருந்தால் காரணம் இதுதான்.

இதற்கு அப்பாச்சியின் சொந்த டிஃபால்ட் ஹேண்ட்லர் என்ன செய்கிறது என்று பார்த்து அப்படியே பின்பற்றுவது நல்லது. பிரிகேடை அனுப்பிய பின், வெற்றி என்றாலோ, ஆர்->ஸ்டேட்டஸ் 200 இல்லை என்றாலோ, இணைப்பு அறுந்திருந்தாலோ ஓகே. இவை எதுவுமில்லை என்றால் லாக் எழுதிவிட்டு ஏபி_ஃபில்டர்_எரர் என்று திருப்புகிறது. என்ன வகைப் பிழை என்று அறிய வழியில்லை என்று அங்கே ஒரு குறிப்பும் உண்டு. ஏபி_ஃபில்டர்_எரர் என்பதன் பொருள், வழியில் இருந்த ஏதோ ஒரு ஃபில்டர் பிழையைப் பார்த்து ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கலாம் என்பது. அதை வாங்கும் ஏபி_டை, ஹெடர் ஃபில்டர் இன்னும் வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் இதுவரை எதுவுமே போகவில்லை என்று பொருள், எனவே 500 அனுப்பும். இல்லையென்றால் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும், இரண்டாவது பிழைச் செய்தியை ஒட்டாது. உங்கள் இரண்டாவது குறை பேக்கெண்ட் அறுந்ததால் இல்லாமல் எழுதுவது தோற்றதால் வருகிறது என்றால், இந்த ஒரு மாற்றமே அதையும் தீர்த்துவிடும். இரண்டில் எது என்று லாக்கைப் பார்க்காமல் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

பேக்கெண்டிலிருந்து குறியீட்டை எப்படிப் படிக்கிறீர்கள் என்றும் ஒருமுறை பாருங்கள். முதல் வரியிலுள்ள எழுத்தை, எண்ணாக மாற்றும் ஏடூஐ ஃபங்ஷனில் போட்டு வருவதை அப்படியே ஆர்->ஸ்டேட்டஸில் எழுதுவது ஆபத்து. பேக்கெண்ட் குப்பையை அனுப்பினால் பூஜ்யம் வரும். மூன்று இலக்கமா, 100-க்கும் 599-க்கும் இடையிலா என்று பார்த்து, இல்லையென்றால் 502 கொடுங்கள். பேக்கெண்டிடமிருந்து செல்லாத பதில் வந்தது என்பதற்கென்றே இருக்கும் குறியீடு அது. நேரத்துக்குப் பதில் வரவில்லை என்றால் 504. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் மாட்_பிராக்ஸி 503 தருகிறது. 502 தருபவர்களும் உண்டு, அதில் சண்டை போடத் தேவையில்லை. 500-ஐ உங்கள் மாட்யூலின் சொந்தக் கோளாறுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால், நடு இரவில் லாக் பார்ப்பவருக்கு யாரை எழுப்புவது என்று உடனே தெரியும்.

1xx குறியீடுகள் இறுதிப் பதில் அல்ல. 100 அல்லது 103 வந்தால் அதைத் தாண்டி அடுத்த நிலை வரியைப் படிக்க வேண்டும். அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும் மாட்யூல்கள் நிறைய. 101 மட்டும் தனி, நீங்கள் வெப்சாக்கெட் கையாளவில்லை என்றால் பேக்கெண்டிடம் அப்கிரேடே கேட்காதீர்கள். 204-க்கும் 304-க்கும் உடல் கிடையாது. 204-இல் கன்டென்ட்-லென்த் ஹெடரும் அனுப்பக் கூடாது. பேக்கெண்ட் 204 சொல்லிவிட்டுக் கூடவே நாலு பைட் அனுப்பினால் அதை வாங்கி எறிந்துவிடுங்கள். அனுப்பினால், அதே இணைப்பில் வரும் அடுத்த பதிலின் தொடக்கம் என்று கிளையன்ட் அதை எடுத்துக்கொள்ளலாம். ஹெடர்களை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கைக்கும் உடல் கூடாது, குறியீடு எதுவாக இருந்தாலும்.

ஸ்டேட்டஸ்_லைன் என்ற ஃபீல்டில் ‘404’ என்பதோடு பேக்கெண்ட் எழுதிய வாசகத்தையும் நகலெடுக்கிறீர்களா? என் ஆலோசனை, விட்டுவிடுங்கள். எச்டிடிபி/2-இல் அந்த வாசகத்துக்கு இடமே இல்லை. 2022-இல் வந்த, எச்டிடிபி/1.1-க்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 9112, கிளையன்ட் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. 2.4-இல் அந்த ஃபீல்டின் எண் ஆர்->ஸ்டேட்டஸோடு பொருந்தாவிட்டால் அப்பாச்சி அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும். பழைய 2.2-இல் அட்டவணையில் இல்லாத எண்கள் 500 ஆகிவிடும். 429 போன்றவை 2012-இல் ஆர்எஃப்சி 6585 வழியாகத்தான் வந்தன, அதனால் அப்போது பலர் ஸ்டேட்டஸ்_லைனைக் கையால் நிரப்பித் தப்பித்தார்கள். அந்தக் காலத்து உதாரணக் கோடு இன்னும் இணையத்தில் உலவுகிறது. உங்கள் மாட்யூலில் அது இருந்தால் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கும் இதே மாட்யூலை எழுதப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அங்கே எண்கள் வேறு. அப்பாச்சியில் டிக்ளைன்டு (இந்தக் கோரிக்கை என்னுடையதல்ல) என்பது -1, என்ஜின்எக்ஸில் -1 என்றால் எரர், டிக்ளைன்டு -5. பெயரை எழுதாமல் எண்ணை எழுதும் பழக்கம் இருந்தால் இங்கே காலை வாரிவிடும். ஹெடரை அனுப்பிய பின் மறுபடி அனுப்ப முயன்றால் என்ஜின்எக்ஸ் வெளிப்படையாகவே ‘ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டது’ என்று எரர் லாகில் அலர்ட் போடும்; அப்பாச்சியைவிட அந்த விஷயத்தில் அது கருணை உள்ளது. அதன் லாகில் வரும் 499 கிளையன்ட் முன்பே போய்விட்டதைக் குறிக்கும் உள் எண், யாருக்கும் அனுப்பப்படுவதில்லை.

சோதிக்கும்போது பிரவுசரை நம்பாதீர்கள், கர்ல் கட்டளையில் ஹெடரோடு பாருங்கள். ஆக்சஸ் லாகில் சதவீதக் குறியும் சிறிய எஸ்-ஸும் மட்டும் போட்டிருந்தால், உள் ரீடைரக்ட் ஆன கோரிக்கைகளுக்கு அது முதல் ஸ்டேட்டஸைக் காட்டும்; நடுவில் ‘>’ சேர்த்தால்தான் இறுதி ஸ்டேட்டஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்தால் எரர்டாக்குமென்டில் எங்கே திசைமாறியது என்று அப்படியே தெரியும். எரர்டாக்குமென்டில் முழு முகவரி, அதாவது எச்டிடிபி என்று தொடங்கும் யூஆர்எல், கொடுத்திருந்தால் அதை உடனே மாற்றிப் பாதையாகக் கொடுங்கள். முழு முகவரி என்றால் கிளையன்டுக்கு ரீடைரக்ட்தான் போகும், உங்கள் 404 அவர்களுக்கு எட்டவே எட்டாது. பிறகு பேக்கெண்டுக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பாதை: 404 உடலோடு, 404 உடலில்லாமல், 204 குப்பை பைட்களோடு, 103-க்குப் பின் 200, எண்ணே இல்லாத முதல் வரி, ஒரு மெகாபைட் அனுப்பி நடுவில் இணைப்பை வெட்டுவது. கடைசியாகச் சொன்னதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், கர்ல் அதற்குப் பிழை காட்டி வெளியேற வேண்டும். அமைதியாக முடிந்தால் எரர் பக்கெட் இன்னும் சேரவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் 500 வந்தால், எரர் லாகில் அந்த நேரத்துக்கு ‘செல்லாத நிலை எண்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாட்யூலில் இன்னொரு ரிட்டர்ன் பாக்கி இருக்கிறது. இல்லையென்றால் ஹேண்ட்லரின் கடைசி முப்பது நாற்பது வரிகளையும், எரர் லாகில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் சேர்த்துப் போடுங்கள், அதை வைத்துப் பேசலாம்.